ஆயுத பூசையன்று அணைக்காத கம்ப்யூட்டர்

அனுசியாவைப் போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில், ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால், வாயடைத்துப்போய் நின்ற கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரம் முழுக்க அங்கேயே நிற்க வைக்க முடியுமா? ராஜபாளையம் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் பழைய அனுசியா இல்லை என்பதுதான் விஷயம்.

கண்ணாடிக்குள் தொங்கிய ஜாக்கெட்டின் கையில் இருந்தது அவளுடைய தாழம்பூ. முன்னறைக் கம்ப்யூட்டரில் கண்ணைக் கசக்கிக் கசக்கி அவள் போட்ட எம்பிராய்டரி டிசைன். யாரோ பார்த்து வரைந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. மூன்றாவது மடலின் நுனியில் தையல் தப்பித் திரும்பியிருக்கும். அது அவளுடைய கைத்தவறு. அதை அவள் திருத்துவதற்குள், அந்தத் தவறும் சேர்ந்து கண்ணாடிக்குள் தொங்குகிறது. ஃபைலையே எவரோ அப்படியே நகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒரு பூதானே, போகட்டும் என்று விட முடியாது. மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை தீபாவளிக்கு அவளிடம் டிசைன் கேட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கௌதம்ராஜ் சம்சாரம், தாரிகா அம்மா என்றே கேட்டுப் பழகிய காதுக்கு, அவள் பெயரைச் சொல்லி வந்த முதல் வேலை அது. மதுரைக்காரர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. வேறு எந்தக் கடையிலும் அந்த டிசைன் வந்திருக்கக் கூடாது. தாழம்பூ போனது போனதுதான். மிச்சமிருப்பவை விஜயதசமியன்று மதுரைக்குப் போக வேண்டும். அதற்குள் இன்னொன்று வெளியேறினால், அனுசியாவின் வேலை அத்தோடு சரி.

எடுத்தது யார்?

அனுசியாவின் சந்தேகம் நேராக வெள்ளைத்தாய் மதினி மேல் போய் உட்கார்ந்தது. வெள்ளைத்தாய், கௌதம்ராஜின் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஜவுளிக்கடை இருக்கும் தெருவிலேயே வாக்கப்பட்டவள். வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பாவைப் பார்க்க வருவாள். வந்தால் கம்ப்யூட்டருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். "இது என்னட்டி பூவு? இத எப்படி அமுக்குத?" என்று கேள்வி மேல் கேள்வி. போன வாரம் வரை அதெல்லாம் பிரியமாகத் தெரிந்தது. இந்த வாரம் உளவாகத் தெரிந்தது.

யாரிடமும் மூச்சு விடாமல் அனுசியா ஒரு காரியம் செய்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜோயலுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீங்க போட்டுருக்கிற பாஸ்வேர்டு வெறும் தாப்பா" என்றான் ஜோயல். "டிஸ்க்கக் கழட்டி வேற பொட்டில மாட்டினா அம்புட்டையும் பாத்துரலாம். டிஸ்க்கு மொத்தத்தையும் பூட்டணும். அதுக்கு ஒரு சாப்ட்வேர் இருக்கு. உள்ள இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் மாத்திப்போட்டு வச்சிரும். ஆன் பண்ணுனதும் மொதல்ல கறுப்பா ஒரு ஸ்கிரீன் வரும். அதுல பாஸ்வேர்டு அடிச்சாத்தான் விண்டோசே எந்திரிக்கும்."

"மறந்துட்டா?"

"மறந்துட்டா மறந்ததுதான். என்னாலயும் ஆகாது, அத எழுதுன கம்பெனிக்காரனாலயும் ஆகாது. அதனால மொதல்ல எல்லாத்தையும் வேற எதுலயாவது நகல் எடுத்து வச்சிருங்க."

நகல்! அந்த வார்த்தையைக் கேட்டதுமே அனுசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகல் எடுத்ததனால்தானே இத்தனை வினையும்! இன்னொரு நகலை எடுத்து, அதை எந்தச் சந்தில் ஒளித்து, அதற்கு யாரைக் காவல் வைப்பது? எடுக்கவில்லை. எடுத்துவிட்டேன் என்று ஜோயலிடம் பொய்யும் சொல்லிவிட்டாள்.

"பழைய டிஸ்க்கு, மெதுவாத்தான் ஏறும்" என்றான் அவன். "காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிரும். நடுவுல ஆஃப் பண்ணிராதீங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பழைய டிஸ்க்க நம்ப முடியாது."

சரி, எந்த நாளில் ஆரம்பிப்பது? மில்லுக்கு லீவு, தைக்கிற வேலை இல்லை, கம்ப்யூட்டர் பக்கம் ஒருவரும் வர மாட்டார்கள் என்று அவள் தேர்ந்தெடுத்த நாள் ஆயுத பூசை. இப்படி ஒரு நாளைப் பொறுக்கி எடுக்க நம் ஊர்ப் பெண்ணால்தான் முடியும்! யாரும் தொட மாட்டார்கள் என்பதை யோசித்தவள், அன்றைக்கு எந்த மிஷினும் ஓடக் கூடாது என்பதை யோசிக்கவில்லை.

விடிந்ததும் ஆரம்பித்துவிட்டாள். திரையில் பச்சைக் கோடு எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. அதன் பிறகுதான் மாமனார் சோணைமுத்து குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, சந்தனக் கிண்ணத்தோடு முன்னறைக்கு வந்தார். அவர் விசைத்தறி மெக்கானிக். ஸ்பேனரையும் டிரில்லையும் பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு படி மேலே வைத்திருப்பவர்.

அனுசியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மானிட்டரை மட்டும் பட்டென்று அணைத்தாள். திரை இருண்டது; பார்க்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் அணைந்த மாதிரிதான். மேசைக்கு அடியில் பெட்டி மட்டும் சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு சாமந்தி மாலையைப் போட்டு மறைத்தாள்.

வெள்ளைத்தாய் மதினி அப்போதே வந்து இறங்கியாயிற்று. பால்கோவா டப்பாவை நீட்டிய கையோடு, "என்னட்டி, முகமெல்லாம் வேத்துப்போய் இருக்க?" என்று கேட்டாள்.

"அடுப்புப் பக்கம் நின்னேன் மதினி."

மதினியின் கண் அடுப்படிப் பக்கம் போனது. அடுப்பு எரியவில்லை.

தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்தார் சோணைமுத்து. கௌதம்ராஜின் பைக்குக்கு வைத்தார். அப்படியே குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தவர், வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னத்தா, பொட்டி சுடுது?"

"செத்த நேரம் முன்னாடி வரைக்கும் ஓடுச்சு மாமா."

ஆயுசு முழுக்க மிஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவரிடமா இந்தக் கதை? காதைக் கொண்டுபோய்ப் பெட்டி மேல் வைத்தார்.

"இப்பவும் ஓடுதே!"

"அது பாட்டுக்கு ஓடட்டும் மாமா. ஒரு வேலை போட்டுருக்கேன்."

"பூசையன்னைக்கு என்ன வேலை? என் டிரில்லு படுத்திருக்கு. அவன் பைக்கு படுத்திருக்கு. ஒன் தையல் மிசினு படுத்திருக்கு. இது மட்டும் என்ன, கலெக்டரா?"

கௌதம்ராஜ் கதவோரமாக நின்றான். பஞ்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். வீட்டில் அதிகம் வாய் திறக்காதவன். மற்ற நேரமாக இருந்தால், 'விடுங்கப்பா' என்று ஒரு வார்த்தை மனைவிக்காகச் சொல்லுவான். இன்றைக்குச் சொல்லவில்லை. "அப்படி என்ன வேலை அனு?" என்று மட்டும் கேட்டான்.

சொல்லலாமா? மதினி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். பூட்டுப் போடுகிறேன் என்று சொன்னால், யாருக்காகப் பூட்டு என்ற கேள்வி வரும். அனுசியா வாயைத் திறந்து, மூடினாள்.

அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. சோணைமுத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஐயோ மாமா!"

தெருவுக்கே கேட்டிருக்கும். வெள்ளைத்தாய் நெஞ்சில் கை வைத்தாள். "ஆத்தாடி! என்னட்டி இந்தக் கத்து கத்துத? அப்படி அதுக்குள்ள என்னதான் வச்சிருக்க?"

சோணைமுத்து காதில் எதுவும் ஏறவில்லை. பிளக்கைத் திரும்ப ஒழுங்காகச் செருகி, சுவிட்சை அணைத்து, பெட்டியின் பொத்தான் மேல் பார்த்துப் பார்த்து வட்டமாகச் சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தார். "நாளைக்குக் காலைல தீபாராதனை காட்டுற வரைக்கும் யாரும் தொடப்படாது" என்று சொல்லிவிட்டார்.

சூடம் காட்டினார்கள். அனுசியா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி கண்ணுக்குத் தெரியவில்லை. பாதியில் நின்ற டிஸ்க்குதான் தெரிந்தது. நகல் எடுக்காத தன் புத்தியைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கொல்லையில் நின்று ஜோயலைக் கூப்பிட்டாள். "பயப்படாதீங்கக்கா" என்றான். "ஆன் பண்ணி பாஸ்வேர்டு அடிங்க. விட்ட எடத்துலருந்து ஏறும். ஏறலன்னா, நீங்க எடுத்து வச்ச நகல் இருக்குல்ல?"

அனுசியா போனை வைத்தாள்.

மத்தியானம் மதினி கிளம்பினாள். தேங்காயும் பழமும் பொரியுமாகப் பை கனத்தது. "நீ கூடப் போய் விட்டுட்டு வாத்தா" என்றார் சோணைமுத்து. வேறு நாளாக இருந்தால் சாக்குச் சொல்லியிருப்பாள். இன்றைக்கு, மதினியை அவள் ஊரிலேயே வைத்துப் பார்த்துவிடலாம் என்று சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த வெள்ளைத்தாய், பாதி வழி தாண்டியதும், வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"தம்பி முகம் கொஞ்ச நாளா சரியில்லையே. கவனிச்சியா?"

"மில்லுல வேலை ஜாஸ்தி மதினி."

"மில்லுலயா?" வெள்ளைத்தாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல உதடு பிரிந்தது. "சரி, விடு. அவனே சொல்லுவான்."

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்லட்டி. நீ ஒன் கம்ப்யூட்டர்ல வச்சிருக்கிறதச் சொன்னியா, நான் சொல்லுறதுக்கு?"

திருடி எப்படிப் பேச்சை மாற்றுகிறாள் பார் என்று அனுசியா உள்ளுக்குள் கறுவினாள். பையை மதினி வீட்டு நடையில் வைத்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் தெருமுனைக் கடைக்கு நடந்தாள்.

கடை வாசலில் வாழைக்கன்று. பின்கட்டில், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின்கள் எல்லாம் பொட்டும் பூவுமாக ஓய்ந்து நின்றன. மிஷின் ஓட்டும் ஐயாதுரை வருகிறவர்களுக்கெல்லாம் வாழையிலைக் கிழிசலில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளை யாரென்று அவனுக்குத் தெரியாது. ஜாக்கெட் தைக்க வந்தவள் என்று நினைத்துச் சிரித்த முகமாகப் பேசினான்.

"அந்தத் தாழம்பூ நல்லாருக்குண்ணே. இங்க போட்டதா?"

"இல்லக்கா. வெளியருந்து வருது."

"ஒரு அக்கா கொண்டாந்து தருவாகளோ? இந்தத் தெருவுலயே இருக்கிற..."

"அக்காவா?" ஐயாதுரை சிரித்தான். "ராஜபாளையத்து அண்ணாச்சி ஒருத்தரு. பைக்குல வருவாவ. ஹெல்மெட்டக்கூடக் கழட்ட மாட்டாவ. 'ஐயாதுரை, பத்திரம்யா'ன்னு பென் டிரைவ என் கைலதான் குடுப்பாவ. பேரு கேட்டா மட்டும் சொல்ல மாட்டாவ. பூசை முடிஞ்சதும் இன்னொண்ணு தாரேன்னு சொல்லியிருக்காவ. வந்து பாருங்க, அதுவும் அருமையா இருக்கும்."

அனுசியா சுண்டலைத் தொடாமல் இலையைக் கீழே வைத்தாள். அண்ணாச்சி. மதினி இல்லை, ஆம்பிளை. திருடி திருடி என்று மனசுக்குள் வைது தீர்த்த மதினி, பையைச் சுமந்து வந்தவளுக்கு ஒரு வாய் காப்பி போட்டுக் கொடுக்க வீட்டில் பாலைக் காய்ச்சிக்கொண்டிருப்பாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் முழுசாகப் படவிடாமல் அடுத்த சந்தேகம் வந்து முட்டியது.

திரும்புகிற பஸ்ஸில் அவள் மனசு ஒவ்வொரு ஆணாகப் புரட்டிப் பார்த்தது. மாமாவா? அவருக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியாது. பைக்கும் ஓட்ட மாட்டார். ஜோயலா? போன மாசம் சர்வீஸுக்கென்று பெட்டி இரண்டு நாள் அவன் கடையில்தான் கிடந்தது. பைக் வைத்திருக்கிறான். பூட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தவனே சாவியும் வைத்திருந்தால்? நகல் எடுங்கள், நகல் எடுங்கள் என்று அவன் படித்துப் படித்துச் சொன்னது எதற்காக? ஜோயல்தான். ஜோயலாகத்தான் இருக்க வேண்டும். இன்னொருவர் பக்கம் போகப் பார்த்த மனசை, இழுத்து இழுத்து ஜோயல் மேலேயே கட்டிப்போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. தாரிகா பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். சோணைமுத்து கட்டிலில் அயர்ந்து கிடந்தார். அனுசியா முன்னறைக்குள் போனாள். மேசைக்கு அடியில் பார்த்தாள்.

பொத்தான் மேலிருந்த சந்தனம் கலைந்திருந்தது.

வட்டமாக இருந்த பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டு, குங்குமம் பெட்டியின் ஓரத்தில் தீற்றிக்கிடந்தது. யாரோ அமுக்கியிருக்கிறார்கள். பூசை வைத்த மிஷினை, மறுநாள் விடியும் முன்னே, சாமி குத்தம் என்றுகூடப் பார்க்காமல்.

"மாமா, யாரும் வந்தாகளா? அந்த ஜோயல் வந்தானா?"

"ஒருத்தனும் வரலத்தா" என்றார் அவர் கண்ணைத் திறக்காமலே. "வீட்ல நானும் ஒன் புருசனுந்தான் இருந்தோம்."

அனுசியா அந்தப் பதிலைக் காதில் வாங்காதவள் போல மண்டியிட்டு உட்கார்ந்தாள். தானும் சாமியிடம் ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டு, சுவிட்சைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். ஜோயல் சொன்ன அதே கறுப்புத் திரை. பாஸ்வேர்டு கேட்டது. அவள் பிறந்த ஊரான வ. புதுப்பட்டியில் பெண் பார்க்க வந்த அன்று, தட்டை விட்டு நிமிராத மாப்பிள்ளை கௌதம்ராஜ் திருவாய் மலர்ந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: "இன்னும் கொஞ்சம் பால்கோவா கெடைக்குமா?" அதைத்தான் ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமல் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள். மதினியைச் சந்தேகப்பட்டு அதை வைத்த காலையில், அவனை அவள் சந்தேகப்படவில்லை.

அடித்தாள். திரை யோசித்தது. விண்டோஸ் எழுந்தது, பாதியில் நின்ற வேலையைத் தொடரலாமா என்று கேட்டது. தொடரச் சொல்லிவிட்டு, டிசைன் ஒவ்வொன்றையும் திறந்து திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தன. அப்பாடா என்று அழுதேவிட்டாள்.

"ஒருவழியா தொறந்துட்ட போல."

கௌதம்ராஜ். கதவோரம், காலையில் நின்ற அதே இடத்தில்.

அனுசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு மானிட்டரை அணைத்தாள். தன் கை ஏன் அப்படிச் செய்தது என்று அவளுக்கே ஒரு கணம் புரியவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் பாக்கக்கூடாதோ?"

"அதில்லங்க. பூட்டு ஏறிக்கிட்டிருக்கு. டிசைன் களவு போகுதுன்னு..."

"பூட்டுன்னா புருசனுக்குமா?" அவன் குரல் ஏறவில்லை, ஏறியிருந்தால் தேவலை. "நீ எங்கக்காகூடப் போன பொறவு ஆன் பண்ணிப் பாத்தேன். தாரிகா பேரு அடிச்சேன், தொறக்கல. என் பேரு அடிச்சேன், தொறக்கல. நம்ம கல்யாணத் தேதி, ஒங்க ஊரு, ஒங்கப்பா பேரு, எல்லாம் அடிச்சேன். காலைல பிளக்கப் புடுங்குனதுக்கு ஏன் அந்தக் கத்து கத்தின? உள்ள யாரு இருக்கா? யார் பேர வச்சிருக்க அனு?"

அவளுக்கு நெஞ்சு வலித்தது. இந்த மனுஷன் என்னைப் பார்த்தா இதைக் கேட்கிறான்! பால்கோவா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் முகம் தொங்கிப்போகும், அசடு வழிவான், எல்லாம் சரியாகிவிடும். சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள்.

அப்போதுதான், பஸ்ஸில் இத்தனை தூரம் இழுத்துக் கட்டி வைத்திருந்தது அறுத்துக்கொண்டு வந்தது. பொண்டாட்டி மேல் சந்தேகப்பட்டுப் பெட்டியைத் திறக்கப் பார்த்தானா? இல்லை, பூசை முடிந்ததும் தருவதாகச் சொன்ன இன்னொன்றுக்காகவா? பாஸ்வேர்டைச் சொன்னால் இவள் நல்லவள் என்று தெரியும். கூடவே, மதுரைக்குப் போக வேண்டிய அத்தனையும் இவன் கைக்குப் போகும்.

"கேக்கேன்லா? யார் பேரு?"

அனுசியா எழுந்து நின்றாள். புருஷன் முகத்தை, கண் கொட்டாமல், நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"ஐயாதுரை" என்றாள்.

பொண்டாட்டி வாயில் இன்னொருத்தன் பெயர் வந்தால் எந்தப் புருஷனும் வீட்டை இரண்டாக்குவான். அவள் அதற்குத் தயாராகவே நின்றாள். அடிக்கக் கை ஓங்கினால்கூடச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

கௌதம்ராஜ் கை ஓங்கவில்லை. அவன் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துபோனது. பார்வை அவளை விட்டு விலகித் தரைக்குப் போனது.

எவன் அவன் என்று அவன் கேட்கவே இல்லை.